கீழ்க்காணும் படத்தைப் பார்க்க

"முன்பக்கத்தையும் சேத்தே அடிச்சிட்டேன் சார். ஷோக்கா கீது பாரு!"

சூடு ஆறாத ஜெராக்ஸ் கட்டுகளை மேஜைமேல் வைத்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நின்றார் ஜெராக்ஸ் கடைக்காரர் சுப்பிரமணி.

ஜீவானந்தம் மேலே இருந்த தாளைப் பார்த்தான். அதில் இப்படி இருந்தது: 'இந்நூலின் எந்தப் பகுதியையும் பதிப்பாளரின் அனுமதியின்றி நகல் எடுப்பது குற்றம். மீறுவோர் மீது கடும் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.'

வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை கட்டு. ஒவ்வொரு கட்டின் தலையிலும் இதே வாசகம், அச்சில் இருந்ததைவிட நல்ல கறுப்பாக. திருடப் போனவன் சுவரில் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதி வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

"அண்ணாச்சி, இதை என்னத்துக்கு அடிச்சிய? நான் இதயப் பாடம் மட்டும்தான கேட்டேன்?"

"பாடம் மட்டும் குடுத்தா மொட்டையா இருக்கும் சார். புக்குன்னா ஒரு மூஞ்சி வேணாமா?"

ஜீவானந்தம் பொதுவாகவே பயந்த சுபாவம். போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால், பட்டப்பகலிலும் சைக்கிளில் லைட் எரிகிறதா என்று குனிந்து பார்க்கிற ஆள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பி.எஸ்ஸி. சான்றிதழோடு பிழைப்புத் தேடி வந்தவனுக்கு, ஸ்ரீபெரும்புதூர் 'வெற்றி டுடோரிய'லில் அறிவியல் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டுவிட்டு, இப்போது கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள்தான் அவனுடைய மாணவர்கள். ஷிப்ட் முடிந்து கிரீஸ் வாசனையோடு வந்து உட்காருவார்கள். அது தொண்ணூற்றொன்றாம் வருஷத்துத் தை மாதம். பங்குனியில் பரீட்சை.

பேராசிரியர் நடேசன் எழுதிய அறிவியல் கைடு எந்தக் கடையிலும் இல்லை. எங்கே கேட்டாலும் 'புதுப் பதிப்பு வருது' என்றார்கள். டுடோரியலில் இருந்தது ஒரே பிரதி. அதனால்தான் இந்த ஜெராக்ஸ்.

ஜீவானந்தம் யோசித்தான். பிறகு அங்கேயே நின்று, எல்லாக் கட்டுகளிலிருந்தும் முதல் தாளைக் கிழித்து எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதி மறுநாள் வகுப்புவரைதான் நீடித்தது. முதல் தாள் போனதோடு நடேசன் பெயரும் போய்விட்டதல்லவா? பாடம் இருக்கிறது, எழுதியவர் இல்லை. கொடுத்தவரே எழுதியவர் என்று வகுப்பு முடிவு கட்டிவிட்டது. ஒருவர் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 'ஜீவா சார் நோட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு எழுதினார். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

"நான் எழுதலய்யா!" என்றான் ஜீவானந்தம்.

"அடக்கத்தைப் பாரு!" என்றது வகுப்பு.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. சுப்பிரமணியின் மிஷின் எழுத்துகளை எடுத்த அழகில் படத்தை எடுக்கவில்லை. கைடில் நாலு அறைகளோடு இருந்த இதயம், ஜெராக்ஸில் ஒரு கரிக்கட்டையாக இருந்தது.

அந்தக் கரிக்கட்டை ஒரே ஒருவரை மட்டும் பாதிக்கவில்லை. அவர் ஜூலி.

ஜூலிக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஒரகடம் போகிற வழியில் இருந்த பம்பு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். மேனேஜர்களை அவர்கள் 'ஹலோ' சொல்வதற்கு முன் மூச்சு விடுவதிலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் வேலை தற்காலிகம். இந்தப் பங்குனியில் பத்தாவது பாஸ் செய்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கு மேனேஜரின் மச்சினி தயாராக இருந்தாள். மற்றப் பாடமெல்லாம் ஜூலி தேறிவிட்டாள். அறிவியல் மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின், ஒரு டேப் ரிக்கார்டரை முன்னால் வைத்துக்கொண்டு ஜீவானந்தம் அவளுக்காகப் பாடத்தை வாசித்துப் பதிவு செய்வது வழக்கம். அன்று இதயம். 'இதயத்தின் உள்ளமைப்பை அறியக் கீழ்க்காணும் படத்தைப் பார்க்க' என்று வாசித்தான்.

"எங்க சார் பாக்கறது?" என்றாள் ஜூலி.

ஜீவானந்தம் டேப்பை நிறுத்தினான். "மன்னிச்சிருங்கக்கா. புக்குல அப்படி இருக்கு."

"முதல்ல அக்கான்னு கூப்டறத நிறுத்துங்க. ஸ்டூடண்டை எந்த ஊர்ல வாத்தியார் அக்கான்னு கூப்டறாரு? கிளாஸே சிரிக்குது."

"சரிக்கா."

ஜூலி தலையில் அடித்துக்கொண்டாள். "போன வருஷம் படிச்ச கைடுலயும் இதேதான். படத்தைப் பார், அம்புக்குறியைப் பார், நீல நிறத்தைப் பார். பாக்க முடிஞ்சா நான் ஏன் சார் இங்க குந்திக்கினு கீறேன்? புக்க மூடுங்க. நீங்களே சொல்லுங்க."

ஜீவானந்தம் புத்தகத்தை மூடினான். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தான். ஷிப்ட் விட்டு ஆட்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். டேப்பைத் தட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தான்.

"இதயம்னா ஒங்க கம்பெனி மாதிரி, பாத்துக்கிடுங்க. ரெண்டு கட்டடம். நடுவுல பெரிய செவரு. ஒரு கட்டடத்துல இருந்து அடுத்ததுக்கு நேராப் போக முடியாது. வேலை செஞ்சு ஓஞ்சு போன ஆளுக மாதிரி, கெட்ட ரத்தமெல்லாம் வலது பக்க வாசல் வழியாத்தான் உள்ள வரும். மொதல்ல ஒரு வெயிட்டிங் ரூம். அது ஆரிக்கிள். அதுக்குக் கீழ பஸ் ஸ்டாண்டு. அது வென்ட்ரிக்கிள். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாட்ச்மேன் நிப்பான். அவந்தான் வால்வு. கீழ போக விடுவான். திரும்பி வர விடமாட்டான். பஸ்ஸு எங்க போகுது? கேன்டீனுக்கு. அதாவது நுரையீரலுக்கு. அங்க டீயக் குடிச்சி, காத்து வாங்கி, தெம்பா இடது பக்கக் கட்டடத்துக்கு வாராங்க..."

பாடம் முடியும்வரை அவன் நிறுத்தவில்லை; முடிவில் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சுருக்கியும் சொன்னான். கடைசியில், "சார், இத்தினி நாளா இத எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து எல்லாப் பாடமும் அப்படித்தான். கண், சிறுநீரகம், மின்மோட்டார் எல்லாமே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு. கரிக்கட்டைப் படத்தைப் பார்த்து வெறுத்துப் போயிருந்த வகுப்புக்கு இது எப்படியோ தெரிந்துபோனது. கண் நன்றாகத் தெரிகிறவர்கள் எல்லாரும் ஜூலியின் கேசட்டைக் கேட்டு வரிசையில் நின்றார்கள். ஜெராக்ஸ் கடையின் இன்னொரு பாதியில் சுப்பிரமணி கேசட் ரிக்கார்டிங்கும் நடத்தி வந்தார். அவருக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. சீக்கிரமே கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது: 'ஜீவா சார் நோட்ஸ், கேசட் இங்கே கிடைக்கும்.'

அட்டையைப் பார்த்த ஜீவானந்தம் அங்கே நிற்கவில்லை. நேராக டுடோரியலுக்குக் கீழே இருந்த வக்கீல் ஆபீசுக்குப் போனான். அங்கே டைப்பிஸ்ட் கலைமதி மட்டும் இருந்தாள். வக்கீலைவிட அவளுக்குச் சட்டம் அதிகம் தெரியும் என்று கட்சிக்காரர்களிடையே பேச்சு. அதை வக்கீலும் மறுத்ததில்லை.

"என் ஃபிரண்டு ஒருத்தன்," என்று ஆரம்பித்தான் ஜீவானந்தம். "ஒரு புக்க ஜெராக்ஸ் எடுத்துட்டான். அவனைப் புடிப்பாங்களா?"

"உங்க ஃபிரண்டுக்கு வேர்த்துக் கொட்டுது. முதல்ல தொடச்சிக்கச் சொல்லுங்க," என்றாள் கலைமதி. "எதுக்கு எடுத்தாரு?"

"பாடம் நடத்த. அவனும் வாத்தியார்தான்."

"வாத்தியார் கிளாஸ்ல பாடம் நடத்த நகல் எடுக்கலாம். சட்டத்துலயே இடம் கீது. புக்கு முன்பக்கத்துல மிரட்டி எழுதியிருந்தா மட்டும் அது சட்டம் ஆயிடாது."

ஜீவானந்தம் நாற்காலியில் சாய்ந்தான். ஊருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா விக்கக் கூடாது," என்றாள் கலைமதி.

ஜீவானந்தம் நிமிர்ந்தான்.

"எழுதினவரு பேரை எடுக்கவே கூடாது. அதான் ரொம்பத் தப்பு."

ஜீவானந்தம், அன்று முதல் தாள்களைத் திணித்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். "கண்ணு தெரியாதவங்களுக்கு டேப்புல பேசிக் குடுத்தா?"

"அதப்பத்தி சட்டத்துல ஒரு வரிகூட எழுதல. பாடத்துக்குத்தானே, தப்பில்லன்னு எங்க வக்கீல் சொல்வாரு. எதிர் வக்கீல் தப்புன்னுவாரு. ஜட்ஜு வாய்தா குடுப்பாரு."

'வாய்தா' என்ற சொல்லைக் கேட்டதும் ஜீவானந்தம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். ஆனாலும் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகிவிட்டது. பெயரைத் திரும்பப் போட வேண்டும். அன்றைக்கே ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் கடைசியிலும் உரக்கப் பேசிச் சேர்த்தான்: 'இந்தப் பாடத்தை எழுதியவர் பேராசிரியர் நடேசன் அவர்கள். எல்லாப் புகழும் அவருக்கே. நான் வெறும் வாசிப்பவன்.'

வகுப்பில் கொடுத்த தாள்களிலும் நடேசன் பெயரை எழுதவைத்தான். சுப்பிரமணியிடம் போய், "அண்ணாச்சி, இது எல்லாம் நடேசன் சாரோடது. எம்பேரைப் போடாதீய," என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"அட, இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் சுப்பிரமணி.

மறுநாள் அட்டை மாறியிருந்தது. 'பேராசிரியர் நடேசன் வழங்கும் அறிவியல் கேசட்! ஒரிஜினல்!'

பேராசிரியரே வழங்குகிறார் என்றதும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பென்னலூர், குன்றத்தூர், ஒரகடம் கூட்ரோடு என்று நடேசனின் பெயரைத் தாங்கி ஜீவானந்தத்தின் குரல் ஊர் ஊராகப் போயிற்று. பக்கத்து ஊர் டுடோரியல் பிள்ளைகள் தங்களை அறியாமல் 'பாத்துக்கிடுங்க' என்று பேச ஆரம்பித்தார்கள்.

"அழிங்க அண்ணாச்சி! கடையில இருக்கிற அத்தனையும் அழிங்க!" ஜீவானந்தம் கிட்டத்தட்ட அழுதான். "நான் ஜெயிலுக்குப் போயிட்டா எங்கம்மா தாங்க மாட்டா."

அவன் அழுததைப் பார்க்கச் சகிக்காமல் சுப்பிரமணி ஒத்துக்கொண்டார். ஆனால் நல்ல கேசட்டைச் சும்மா அழித்து வைக்க எந்தக் கடைக்காரருக்கு மனசு வரும்? மேலே நாதஸ்வரத்தைப் பதிந்து, 'மங்கள இசை' என்று லேபிள் ஒட்டி, கல்யாண சீசனுக்கு ரேடியோ செட்காரர்களிடம் தள்ளிவிட்டார். நாதஸ்வரம் மட்டும் கேசட் முழுவதற்கும் வரவில்லை. மீதி இருந்ததை அவர் அப்படியே விட்டுவிட்டார். யார் அவ்வளவு தூரம் கேட்கப் போகிறார்கள்?

குன்றத்தூரில் ஒரு முகூர்த்தம். தாலி கட்டியாயிற்று. நிஜ மேளக்காரர்கள் டிபனுக்குப் போனதால் ரேடியோ செட்காரர் கேசட்டைப் போட்டிருந்தார். நாதஸ்வரம் இழைந்து ஓய்ந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா குடும்பம், தாமதமாக வந்தாலும் கெத்துக் குறையாமல், தட்டு வரிசையோடு மண்டபத்தின் வலது வாசலில் நுழைந்துகொண்டிருந்தது. அப்போது தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் பேசியது.

"கெட்ட ரத்தமெல்லாம் வலது பக்க வாசல் வழியாத்தான் உள்ள வரும்."

பெரியப்பா நின்றார்.

"யார்ரா அது? எங்க குடும்பத்தக் கெட்ட ரத்தம்ன்றது?"

"வாட்ச்மேன் நிப்பான்," என்றது குழாய். "திரும்பி வர விடமாட்டான்."

"பொண்ணு வூட்டுக்காரன் ஆளை வெச்சி மிரட்டுறான்டா!" என்று ஒரு குரல் கிளம்பியது. தட்டு வரிசை கீழே விழுந்தது. ஆப்பிள்கள் மணமேடை நோக்கி உருண்டன. ரேடியோ செட்காரர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்குவதற்குள் குழாய் தன் கடமையை முடித்துவிட்டது. "எழுதியவர் பேராசிரியர் நடேசன் அவர்கள். எல்லாப் புகழும் அவருக்கே."

அந்த மண்டபத்தில் முதல் பந்தியில் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தவர் பாண்டுரங்கன். 'வெற்றி டுடோரிய'லின் முதலாளி.

"என் வாத்தியார் குரல் எனக்குத் தெரியாதா?" என்றார் மறுநாள், ஜீவானந்தத்தை எதிரே நிற்கவைத்து. "என் டுடோரியல் மேல கேஸ் வந்தா நான் தெருவுக்கு வந்துடுவேன்ப்பா. ஒரு கேசட்டு இருக்கக் கூடாது. அந்த ஜூலி கிட்ட இருக்கறது உட்பட. நாளைக்கு அழிச்சிட்டு வந்து பாடம் எடு. இல்லன்னா வராத."

"சார், அவங்களுக்கு அடுத்த வாரம் பரீட்சை. அது ஒண்ணுதான் அவங்க படிக்கிறது."

"அதுக்கு நான் ஜெயிலுக்குப் போகணுமா? நீ போறியா?"

ஜெயில் என்றதும் ஜீவானந்தம் வாசலுக்கு நகர்ந்தான். படியிறங்கி வந்து, எதிரே முனியம்மாளின் டீக்கடையில் ஒதுங்கினான். டீ ஆற்றியபடியே முனியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், உன்னத் தேடிக்கினு ஒரு பெரியவரு சுத்திக்கினு கீறாரு. சபாரி சூட்டு, தோல் பையி. கேசட்டுல பேசுறது யாரு, இன்னா வயசு, எந்த ஊருன்னு விசாரிக்கிறாரு."

ஜீவானந்தம் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். "வேற என்ன கேட்டாரு?"

"கோவக்கார ஆளான்னு கேட்டாரு. கை நீட்டுவாரான்னு கேட்டாரு."

ஜீவானந்தத்துக்குப் புரிந்துவிட்டது. கைது செய்யும்போது எதிர்ப்பு வருமா என்று முன்கூட்டியே விசாரிக்கிறார்கள். எத்தனை போலீஸைக் கூட்டி வருவது என்று கணக்குப் போடுகிறார்கள்.

"நீங்க என்ன சொன்னிய?"

"பாத்தா பூனை மாதிரி இருப்பாரு, உள்ளுக்குள்ள எப்படியோன்னு சொன்னேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, ஒரகடம் போகிற பிரைவேட் பஸ்ஸில் ஓடிப்போய் ஏறினான். முதலில் ஜூலியிடமிருக்கும் கேசட்டை வாங்க வேண்டும். பஸ் டிரைவர் டுடோரியல் மாணவர். மூன்றாவது தடவை பரீட்சை எழுதப் போகிறவர். வாத்தியாரைக் கண்ணாடியில் பார்த்த மகிழ்ச்சியில், ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டுத் தன் கேசட்டைப் போட்டார்.

"கண்ணுன்னா ஒரு சின்ன சினிமாக் கொட்டாய், பாத்துக்கிடுங்க," என்றது ஸ்பீக்கர்.

"வேணாம்! நிறுத்துங்க!" என்று கத்த வாயெடுத்த ஜீவானந்தம் அப்படியே உறைந்தான். இரண்டு சீட் தள்ளி சபாரி சூட். மடியில் தோல் பை. அந்த மனிதர் ஒரு சின்ன டைரியை வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் சொல்லச் சொல்ல, பஸ் குலுக்கலையும் பொருட்படுத்தாமல் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தார்.

சாட்சியம்! ஒரு வார்த்தை விடாமல் சாட்சியம் எடுக்கிறார்!

"டிரைவர், இவருதான அந்தக் குரல்?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு அம்மாள் ஜீவானந்தத்தைக் காட்டிச் சத்தமாகக் கேட்டாள்.

"ஆமாம்மா! நம்ம ஜீவா சாரு!" என்றார் டிரைவர் பெருமையாக.

சபாரி சூட் திரும்பியது. கண்கள் சந்தித்தன. ஜீவானந்தம் கைக்குட்டையால் முகத்தை மூடினான். அதே வினாடி அவரும் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இருவரும் ஒரே நேரத்தில் இறங்க எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அதற்கு அடுத்த நிறுத்தத்தில் சபாரி சூட் மட்டும் முன்வாசல் வழியாகக் குதித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

'ஆள் கூட்டப் போறாரு' என்று நினைத்துக்கொண்டான் ஜீவானந்தம்.

பம்பு கம்பெனியின் டெலிபோன் போர்டு ரூமில் ஜூலி காதில் ஹெட்போனோடு இருந்தாள். அவன் கதவைத் தொடுவதற்கு முன்பே, "வாங்க சார். ஏன் மூச்சு வாங்குது?" என்றாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். நடுநடுவே அவள் 'குட் ஆஃப்டர்நூன்', 'லைன்ல இருங்க சார்' என்று ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் மேஜை டிராயரை இழுத்து, கேசட்டுகளை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. எடுத்துக்கினு போங்க."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து வந்தவனுக்குக் கை நீளவில்லை. "பரீட்சை?"

"மச்சினிக்கு நல்ல யோகம்னு வெச்சிக்கலாம்." அவள் சிரித்தாள். "ரொம்ப பயமா கீதா சார்?"

"ஆமாக்கா."

"கேசட்டுல நீங்க பயந்த மாதிரியே இல்லையே. புக்க மூடுனீங்க, பேசுனீங்க. ராஜா மாதிரி இருந்திச்சி. அந்த ஆளு எங்க போனாரு?"

ஜீவானந்தம் கேசட்டுகளைப் பார்த்தான். லேபிள்களில் குண்டூசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்திருந்தாள். எது கண், எது இதயம் என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க. அவன் அவற்றைத் திரும்ப டிராயரில் வைத்து மூடினான்.

"நீங்க படிங்கக்கா. நான் போய் சரண்டர் ஆயிருதேன்."

"அக்கான்னு கூப்டாதீங்கன்னு எத்தினி தபா..." என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் வெளியே போயிருந்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. முனியம்மாளின் கடைப் பெஞ்சில், அவன் எதிர்பார்த்தபடியே, தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சபாரி சூட் உட்கார்ந்திருந்தது. அவனைக் கண்டதும் அவர் துள்ளி எழுந்து, பாய்லருக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். இடமில்லை.

"சார், நான்தான் ஜீவானந்தம்," என்றான்.

"தெரியும். நான் நடேசன்," என்றார் அவர்.

பேராசிரியரே வந்துவிட்டார்! ஜீவானந்தம் சாஷ்டாங்கமாக அவர் காலில் விழுந்தான். அவர் பதறிப்போய்த் தூக்கக் குனிந்து, தூக்க முடியாமல் தானும் முழங்காலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னை மன்னிச்சிருங்க சார்!"

"ஐயோ, நீங்க என்னை மன்னிக்கணும் தம்பி!"

"கேஸ் போடுங்க, ஜெயிலுக்கு அனுப்புங்க. ஆனா அந்தக் கேசட்ட மட்டும் பரீட்சை முடியிறவரைக்கும் அழிக்கச் சொல்லாதீங்க. ஒருத்தங்க பொழப்பே அதுலதான் இருக்கு!"

"அழிக்கறதா?" நடேசன் அலறினார். "அழிச்சிடாதீங்க தம்பி! மின்மோட்டார் பாடம் நான் இன்னும் கேக்கவே இல்ல!"

ஜீவானந்தத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மண்டியிட்டபடி இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். டீ குடிக்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். முனியம்மாள் வடிகட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"எழுந்திரு சார், அவரு உன்னப் புடிக்க வரல, நீ கேசட்டுல பேசுனத அப்டியே எழுதி, தன் பேரப் போட்டு, புதுப் பதிப்புன்னு பாதிப் புக்க அச்சுக்குக் குடுத்துட்டாராம், இப்பத்தான் எங்கிட்ட சொன்னாரு, நீ எங்க கேஸ் போட்டுடுவியோன்னு மூணு நாளா நடுங்கிக்கினே ஊரச் சுத்திக்கினு கீறாரு!"